ஆகாய விமானமும் உறையும் எண்ணெயும்

(மத்திகிரியில் நடைபெற்ற பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், நெடுந்தூரம் பறக்கும் ஆகாய விமானத்தின் எண்ணெயைக் குளிரில் உறையாமல் காப்பாற்றுவது எப்படி என்பதாகும். நோட்டீசைப் பார்த்த சில தோழர்கள், "சுயமரியாதைக் கூட்டமென்றால் கடவுள், மதம், ஜாதி, புரோகிதம் ஆகியவைகளைப் பற்றிப் பேசுவார்கள் என்று பார்த்தால், விமானத்து எண்ணெயைப் பற்றிப் பேசப் போகிறார்களாமே! மாடு கறக்கிறவனுக்கும், ரோஜாப்பூ பறிக்கிறவனுக்கும், ஓசூர் பாக்டரியில் ஷிப்டு வேலை பார்க்கிறவனுக்கும் இதனால் என்ன லாபம்?" என்று கேட்டதாகக் கேள்விப்பட்டோம். அவர்கள் கேட்டது மிகவும் நியாயமேயாகும். எதையும் ஏன் என்று கேட்பதுதான் நமது இயக்கத்தின் முதல் பாடம். ஆகவே அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகின்றோம்.

ஆபத்து ஒன்று ஏற்பட்டால், அதற்குக் காரணம் தேடுகின்றவன் மறுமுறை பிழைக்கின்றான். பரிகாரம் தேடுகின்றவன் மறுமுறையும் அதே குழியில் விழுகின்றான். இன்று நாம் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதைக் கடவுள் பேரால் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஜாதி பேரால் சொன்னால் கோபித்துக் கொள்ளுவார்கள். எண்ணெய்க்கு ஜாதியும் இல்லை, மதமும் இல்லை. ஆதலால் எண்ணெயை வைத்துச் சொன்னால் எல்லோரும் அமைதியாகக் கேட்கலாம் என்றே இதை எடுத்துக்கொண்டோம்.

தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும்

தாய்மார்களே! நமது மத்திகிரியும் ஓசூரும் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கின்றன. கிருஷ்ணகிரியில் வேர்வை துடைத்துக்கொண்டு பஸ் ஏறினவன், ஓசூரில் இறங்கியதும் துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொள்ளுகின்றான். மார்கழி, தை மாதங்களில் காலை நேரத்தில் தேங்காய் எண்ணெய் சீசாவைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழுவதில்லை. வெண்ணெய் போல் உறைந்துபோய் நிற்கின்றது. அதே அலமாரியில் பக்கத்திலிருக்கும் நல்லெண்ணெயோ தாராளமாக ஊற்றுகின்றது. ஒரே வீடு, ஒரே அலமாரி, ஒரே குளிர். ஆனால் ஒன்று உறைகின்றது, மற்றொன்று உறைவதில்லை. ஏன்? ஒவ்வொரு எண்ணெய்க்கும் உறையும் அளவு வேறு வேறு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பித்துவிடும். நல்லெண்ணெய்க்கு அதைவிட வெகு அதிகமான குளிர் வேண்டும்.

தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டதென்று எந்தப் பாட்டியாவது ஜோசியனிடம் போய்ச் சீசாவின் ஜாதகத்தைப் பார்த்ததுண்டா? சீசாவுக்குச் சனி பிடித்திருக்கிறதென்று நவக்கிரகத்தைச் சுற்றியதுண்டா? இல்லை. சீசாவை எடுத்து வெயிலில் வைக்கிறாள். அல்லது வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்துகிறாள். எண்ணெய் உருகிவிடுகின்றது. இந்த ஒரு விஷயத்தில் நமது பாட்டி பூரண பகுத்தறிவுவாதியாக இருக்கின்றாள். ஆனால் அதே பாட்டி பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மாத்திரம் வேப்பிலை அடிக்கப் போகின்றாள். எண்ணெய் சீசாவுக்குக் காட்டுகின்ற புத்தியைப் பேரப்பிள்ளைக்கும் காட்டவேண்டும் என்றுதான் நாம் இத்தனை வருஷமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வருகின்றோம்.

விமானத்தின் எண்ணெய்

நிற்க, இனி விமானத்துக்கு வருவோம். பெரிய விமானங்களின் எஞ்சின்களில் எரிவது, நம்முடைய வீட்டு மண்ணெண்ணெயின் இனத்தைச் சேர்ந்த சுத்தப்படுத்தப்பட்ட எண்ணெயாகும். இதில் முக்கியமாக இரண்டு தினுசு உண்டு. உலகத்தில் பெரும்பாலான தேசங்களிலும் நமது நாட்டிலும் வழங்குவது ஜெட் ஏ-1 என்பது. இது பூஜ்யத்துக்குக் கீழே 47 டிகிரி வரையில் உறையக்கூடாது என்பது நிபந்தனை. அமெரிக்காவில் பெரும்பாலும் வழங்குவது ஜெட் ஏ என்பது. இதற்குப் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிதான் எல்லை. அதாவது தேங்காய் எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் உள்ள பேதம் போன்றதே இதுவும்.

பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி என்றால் என்ன என்று சிலருக்கு விளங்காமலிருக்கலாம். ஜலம் பூஜ்ய டிகிரியில் பனிக்கட்டியாகின்றது. அதற்கும் கீழே எவ்வளவு குளிர் என்பதுதான் இந்தக் கணக்கு. மாடு வைத்திருக்கும் தோழர்களுக்கு இது புதிதல்ல. சினை ஊசி போட வருகின்றவர் மூடியைத் திறந்தால் புகை புகையாக வருகின்றதே, அந்தக் குடுவைக்குள்ளே பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிர். அவ்வளவு குளிரையும் மனிதன் ஒரு குடுவையில் அடைத்துக் கையில் தூக்கிக்கொண்டு உங்கள் மாட்டுக் கொட்டகைக்கு வந்துவிட்டான்.

விமான எண்ணெய் உறைவதென்றால் ஒரே நிமிஷத்தில் கல்லாகிவிடுவதல்ல. முதலில் அதிலுள்ள மெழுகு போன்ற சத்து சிறு சிறு துகள்களாகப் பிரியும். பிறகு எண்ணெய் கூழாகும். கூழைப் பம்பு இழுக்காது. பம்பு இழுக்காவிட்டால் எஞ்சினுக்கு ஆகாரம் இல்லை. லாரி ஓட்டும் தோழர்களுக்கும் இது தெரிந்த சங்கதிதான். லடாக்கின் குளிரில் சாதாரண டீசல் இறுகிப்போய் வண்டிகள் நின்றுவிடுவதால், பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரியிலும் ஓடக்கூடிய குளிர்கால டீசலை 2019-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் இந்தியன் ஆயில் கம்பெனியார் அங்கு கொண்டுவந்தார்கள். டீசல் டாங்கிக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டதால் அந்த வண்டிகள் ஓடவில்லை. டீசலின் குணத்தை ஆராய்ந்து மாற்றியதால்தான் ஓடின.

ஆகாயத்தில் எவ்வளவு குளிர்?

மேலே போகப் போகக் குளிர் அதிகமாகின்றது. நெடுந்தூர விமானங்கள் பறக்கின்ற 35,000 அடி உயரத்தில் சாதாரணமாகவே பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 54 டிகிரி. சைபீரியாவுக்கும் வட துருவத்துக்கும் மேலே குளிர்காலத்தில் 70 டிகிரிக்கும் கீழே போவதுண்டு. எண்ணெய் எங்கே இருக்கின்றது? பெரும்பகுதி இறக்கைகளுக்குள்ளே இருக்கின்றது. இறக்கையோ முறம் போலத் தட்டையாகவும் அகலமாகவும் இருப்பது. மேலும் கீழும் குளிர்காற்று அடித்துக்கொண்டே போகின்றது. இப்படிப் பத்து மணி, பதினைந்து மணி நேரம் பறந்தால் எண்ணெய் என்னவாகும்?

இவ்விடத்தில் இயற்கை ஒரு சிறு சகாயம் செய்கின்றது. சைக்கிள் பம்பினால் வேகமாகக் காற்றடித்தால் பம்பின் அடிப்பாகம் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றை அமுக்கினால் அது சூடாகும். விமானம் அதிவேகமாகப் பறக்கும்போது எதிர்க்காற்று இறக்கையின் மேல் அமுங்குவதால், இறக்கை உணருகின்ற குளிர் வெளிக்குளிரைவிடச் சுமார் 25, 30 டிகிரி குறைவாக இருக்கின்றது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 57 என்றால் இறக்கைக்குச் சுமார் 26தான். ஆனால் வெளியே 70 ஆகிவிட்டால் இறக்கைக்கும் 40ஐத் தாண்டிவிடும். எண்ணெய் ஏராளமாக இருப்பதால் உடனே குளிர்ந்துவிடாது. மணிக்குச் சுமார் 3 டிகிரி வீதம் மெள்ள மெள்ளக் குளிரும். ஆகையால் ஒரு மணி, இரண்டு மணிப் பிரயாணத்தில் பயமில்லை. நெடும் பிரயாணத்தில்தான் கவலை.

விமானிகள் செய்வது என்ன?

தோழர்களே! இந்தக் கவலைக்கு விமானிகள் என்ன செய்கின்றார்கள் என்பதைக் கவனியுங்கள். புறப்படுவதற்கு முன்பே, போகின்ற வழியில் எங்கெங்கே எவ்வளவு குளிர் என்று கணக்குப் பார்க்கின்றார்கள். ஏற்றியிருப்பது எந்தத் தினுசு எண்ணெய், அது எத்தனை டிகிரியில் உறையும் என்று பார்க்கின்றார்கள். டாங்கியில் பழைய எண்ணெயும் புது எண்ணெயும் கலந்திருந்தால், அவற்றில் எது முந்தி உறையுமோ அதையே கணக்காக எடுத்துக்கொள்ளுகின்றார்கள். ஏனென்றால், ஆபத்து விஷயத்தில் சவுகரியமான கணக்கை எடுத்துக்கொள்ளுவது தற்கொலைக்குச் சமானமாகும்.

பறக்கும்போது டாங்கியிலுள்ள உஷ்ணமானி எண்ணெயின் நிலையை அவர்கள் கண் முன்னால் காட்டிக்கொண்டேயிருக்கும். உறையும் அளவுக்கு 3 டிகிரி மிச்சம் இருக்கும்போதே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது விதி. ஜெட் ஏ எண்ணெயானால் பூஜ்யத்துக்குக் கீழே 37 வந்தவுடனே விழித்துக்கொள்ள வேண்டும். என்ன நடவடிக்கை? ஒன்று, சில ஆயிரம் அடி கீழே இறங்கிக் குளிர் குறைந்த காற்றுக்குப் போவது. இரண்டு, வேகத்தைச் சற்றுக் கூட்டுவது. வேகம் கூடினால் சைக்கிள் பம்பு நியாயப்படி சூடும் கூடும். மூன்று, குளிர் குறைந்த பக்கமாக வழியை மாற்றிக்கொள்ளுவது. துருவப் பிரதேசத்தில் சில சமயம் கீழே இருப்பதைவிட மேலேயே குளிர் குறைந்திருப்பதும் உண்டு. அப்போது இறங்குவதற்குப் பதில் ஏற வேண்டும். எது சரி என்பதைக் காற்றின் அளவைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டுமே ஒழிய, வழக்கத்தைப் பார்த்தல்ல. இவ்வளவு செய்தாலும் பலன் தெரிய ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஆகவே முன்கூட்டியே செய்ய வேண்டும். இறங்கினாலும் வேகம் கூட்டினாலும் எண்ணெய் அதிகம் செலவாகும். அந்தச் செலவுக்கும் முதலிலேயே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

இதில் எங்கேயாவது ராகு காலம் வருகின்றதா? சூலம் வருகின்றதா? வடக்கே போக இன்றைக்கு நாள் நல்லதா என்ற கேள்வி வருகின்றதா? யோசித்துப் பாருங்கள். வட துருவத்துக்கே போகின்றவனுக்கு வடக்கே சூலம் என்று சொன்னால் அவன் எங்கே போவான்?

பெண்கள் ஓட்டிய விமானம்

இந்த விஷயம் நமக்கு வெகு தூரத்துச் சங்கதியல்ல. 2021-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் அமெரிக்காவிலுள்ள சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் ஒன்று, வட துருவத்துக்கு மேலாகப் பறந்து, சுமார் 17 மணி நேரம் கழித்து ஜனவரி 11-ந் தேதி பெங்களூர் கெம்பே கவுடா விமான நிலையத்தில் வந்து இறங்கியது. இங்கிருந்து பூ லாரி சில மணி நேரத்தில் போய்ச் சேருகின்ற இடம் அது. அந்த விமானத்துக்குத் தலைமை விமானி ஜோயா அகர்வால் என்ற பெண்மணி. அவரோடு இருந்த மற்ற மூன்று விமானிகளும் பெண்களே. நாம் மேலே சொன்ன குளிர்க்கணக்கு முழுவதும் பொருந்துகின்ற பாதை அந்தப் பாதைதான்.

பெண்ணுக்கு எந்தப் பருவத்திலும் சுதந்திரம் கூடாதென்று மநுதர்மம் சொல்லிற்று. கடல் தாண்டினால் ஜாதி கெட்டுவிடும் என்று சாஸ்திரம் சொல்லிற்று. இன்றோ நான்கு பெண்கள் கடலை மாத்திரமல்ல, பூமியின் உச்சியையே தாண்டி, இருநூறு பேருக்கு மேல் கொள்ளக்கூடிய ஒரு பெரிய கப்பலைக் கொண்டுவந்து பெங்களூரில் இறக்கிவிட்டார்கள். அந்த எண்ணெயின் உஷ்ணமானி, தன்னைப் பார்ப்பது ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. பூணூல் போட்டிருக்கிறாரா என்றும் கேட்கவில்லை. படித்தவர்களுக்குப் புரிந்தது, அவ்வளவுதான். அறிவு என்பது பிறப்பினால் வருவதல்ல என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி என்ன வேண்டும்?

எலுமிச்சம்பழமும் ஆனேக்கல் சாஸ்திரமும்

ஆனால் இதே தேசத்தில் மற்றொரு காட்சியும் நடந்தது. 2019-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி விஜயதசமியன்று, பிரான்சு தேசத்தில் ரபேல் யுத்த விமானத்தை வாங்கிக்கொள்ளச் சென்ற நமது ராணுவ மந்திரியார், அந்த விமானத்துக்குப் பூஜை போட்டு, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். பிரெஞ்சுக்காரர்கள் பல வருஷம் உழைத்துச் செய்த இயந்திரத்தைக் காப்பாற்ற ஒரு எலுமிச்சம்பழம்! அந்தப் பழத்துக்கு அவ்வளவு சக்தி இருக்குமானால் கோடி கோடியாகக் கொடுத்து விமானம் வாங்குவானேன்? ஓசூர் சந்தையில் ஒரு மூட்டை எலுமிச்சம்பழம் வாங்கி எல்லையில் அடுக்கியிருக்கலாமே!

இன்னும் சிலர், "விமானமெல்லாம் நம்முடைய ரிஷிகள் அப்பொழுதே செய்ததுதான்" என்று பேசுகின்றார்கள். 2015-ம் வருஷம் ஜனவரியில் மும்பையில் கூடிய இந்திய விஞ்ஞான மகாநாட்டிலேயே இப்படி ஒரு கட்டுரை படித்தார்கள். இதற்கு அவர்கள் காட்டுகின்ற ஆதாரம் வைமானிக சாஸ்திரம் என்ற புத்தகம். அது எங்கே பிறந்தது தெரியுமா? நமக்குப் பக்கத்திலிருக்கும் ஆனேக்கல்லில்! ஆனேக்கல் சுப்பராய சாஸ்திரி என்பவர் 1918-க்கும் 1923-க்கும் இடையில் வாயால் சொல்ல, மற்றொருவர் எழுதிக்கொண்டது. பரத்வாஜ மகரிஷி அருளியது என்று அதற்குப் பெயர். இதைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐந்து அறிஞர்கள் 1974-ம் வருஷத்தில் வரி வரியாக ஆராய்ந்து, இது பழங்காலத்து நூலே அல்ல, 1904-க்குப் பிற்பட்டதே என்றும், இதில் சொல்லியுள்ள விமானங்களில் ஒன்றுகூடப் பறக்காது என்றும் எழுதினார்கள். ஆனேக்கல்லில் பிறந்த புளுகு பெங்களூரில் பிடிபட்டது. ஆனாலும் இன்னும் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திரிகின்றார்கள். ஏனென்றால், சாஸ்திரத்துக்குத் திருத்தம் என்பது கிடையாது. அது பொய் என்று நிரூபித்தாலும் பூஜை நிற்பதில்லை.

விதியைக் கடைப்பிடித்தும் நேர்ந்த விபத்து

இப்பொழுது நமது எதிரிகள் கேட்கக்கூடிய ஒரு கேள்வியை நாமே கேட்டுக்கொள்ளுகின்றோம். "உங்கள் உஷ்ணமானியையும் 3 டிகிரி விதியையும் பார்த்துக்கொண்டிருந்தால் ஆபத்தே வராதோ?" என்பார்கள். வந்திருக்கின்றது. அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. நாம் சொல்ல வந்ததற்கு அதுதான் முக்கியமான அத்தாட்சி.

2008-ம் வருஷம் ஜனவரி 17-ந் தேதி பிரிட்டிஷ் ஏர்வேஸ் கம்பெனியாரின் போயிங் 777 விமானம் ஒன்று, சீனாவின் பெய்ஜிங் நகரத்திலிருந்து 152 பேருடன் புறப்பட்டு, சைபீரியாவின் மேலாகப் பறந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வந்தது. வழியில் கடுங்குளிர். விமானிகள் எண்ணெயின் உஷ்ணமானியைக் கவனித்தே வந்தார்கள். எண்ணெய் மிகவும் குளிர்ந்தபோது பூஜ்யத்துக்குக் கீழே 34 டிகிரி. அந்த எண்ணெயைப் பின்னால் சோதித்தபோது அது 57 டிகிரியில்தான் உறையும் என்று தெரிந்தது. ஆக, விதிப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் இறங்குவதற்குச் சற்று முன், தரைக்கு மேலே சுமார் 720 அடி உயரத்தில், ஒரு எஞ்சின் பலம் குறைந்தது. சில விநாடிகளில் மற்றொன்றும் குறைந்தது. கைப்பிடியை முன்னே தள்ளியும் பலம் கூடவில்லை. விமானம் ஓடுபாதைக்கு வந்து சேராமல், அதற்கு முன்னுள்ள புல்தரையில் மோதி விழுந்தது. ஒருவரும் சாகவில்லை. சிலருக்குக் காயம் மாத்திரம்.

இதே விபத்து நம்மவர் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? பிழைத்ததற்குக் கடவுளுக்கு ஒரு கும்பாபிஷேகம். விழுந்ததற்கு விதியின் மேல் ஒரு பழி. ஓடுபாதையின் ஓரத்தில் விபத்துத் தீர்த்த விநாயகர் என்று ஒரு கோயில். அதற்கு ஒரு உண்டியல். அத்தோடு முடிந்திருக்கும். அவர்களோ இரண்டு வருஷம் விசாரணை செய்தார்கள். எண்ணெய் உறையவில்லையே, பிறகு என்ன அடைத்தது என்று கேட்டார்கள். குழாய்களையும் பம்புகளையும் வைத்து, குளிர்ந்த எண்ணெயை ஓடவிட்டுப் பார்த்தார்கள்.

காரணம் கிடைத்தது. உறைந்தது எண்ணெயல்ல; எண்ணெயில் கலந்திருந்த ஜலம்! எவ்வளவு சுத்தமான எண்ணெயிலும் துளியளவு ஜலம் கரைந்தே இருக்கும். பல்லாயிரம் கிலோ எண்ணெய்க்குச் சில லிட்டர்தான். எண்ணெய் குளிரும்போது அந்த ஜலம் பிரிந்து நுண்ணிய பனித்துகளாகி, குழாய்களின் உட்புறத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டது. இறங்கும் சமயத்தில் எஞ்சின் அதிக எண்ணெய் கேட்டதும், அந்தப் பனி மொத்தமாகப் பெயர்ந்து போய், எண்ணெயைச் சூடாக்குகின்ற ஒரு பாகத்தின் வாயில் அடைத்துக்கொண்டது. அந்தப் பாகத்தில் எஞ்சினின் சுடுகின்ற மசகெண்ணெய் ஒரு பக்கமும், குளிர்ந்த எரியெண்ணெய் மறுபக்கமும் ஓடும். அதன் சூடு இதற்கு, இதன் குளிர்ச்சி அதற்கு. பனியை உருக்க வேண்டிய இடமே பனியால் அடைபட்டது. வாய்க்கால் மதகில் சருகு சேர்ந்து அடைப்பதைப் பார்த்திருக்கின்றீர்களல்லவா? அதே சங்கதிதான்.

தாங்கள் கண்டதை அவர்கள் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. விசாரணை முடியும் முன்பே, 2008 செப்டம்பரில் இடைக்கால அறிக்கை வெளியிட்டார்கள். விமானிகளுக்குப் புதிய முறைகள் சொல்லப்பட்டன. அந்தப் புது முறைகளில் ஒன்று வேடிக்கையானது: அடைப்பு ஏற்பட்டால் எஞ்சினை வேகப்படுத்தாதே, கொஞ்ச நேரம் வேகத்தைக் குறை. குறைத்தால் குளிர்ந்த எண்ணெயின் ஓட்டம் குறையும். சூடான மசகெண்ணெய் அடைப்பை உருக்கிவிடும் என்பதாகும்.

பலன் என்ன? அதே வருஷம் நவம்பர் 26-ந் தேதி, ஷாங்காயிலிருந்து அட்லாண்டாவுக்குப் போன டெல்டா கம்பெனியாரின் 777 விமானத்தில், அமெரிக்காவுக்கு மேலே பறந்துகொண்டிருக்கும்போது அதே தினுசு எஞ்சின் ஒன்று அதே போலப் பலம் குறைந்தது. விமானிகள் புது முறைப்படி உயரத்தைக் குறைத்து, எஞ்சின் வேகத்தையும் குறைத்தார்கள். அடைப்பு உருகியது. எஞ்சின் பலம் பெற்றது. விமானம் சுகமாக அட்லாண்டா போய்ச் சேர்ந்தது. ஜனவரியில் ஒரு விமானம் விழுந்து கற்றுக்கொடுத்த பாடம், நவம்பரில் மற்றொரு விமானத்தைக் காப்பாற்றிற்று. பிறகு அந்தப் பாகத்தையே புதிய தினுசில் செய்து, பனி சிக்கிக்கொள்ளாதபடி அதன் முகத்தைச் சமதளமாக்கி, அவ்வகை எஞ்சின்களிலெல்லாம் மாற்றினார்கள். முடிவான அறிக்கை 2010 பிப்ரவரியில் வெளிவந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சூத்திரன் படித்தால் நாக்கை அறு என்றோ, கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்றோ அதில் எழுதவில்லை.

இரண்டு ஆட்சேபணைகள்

"விஞ்ஞானமும் தவறுகின்றதே, அப்படியானால் சாஸ்திரத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?" என்று சிலர் கேட்பார்கள். வித்தியாசம் இதுதான். விஞ்ஞானம் தன் விதி போதவில்லை என்று கண்டால் விதியைத் திருத்துகின்றது. சாஸ்திரமோ தன் விதி பலிக்கவில்லை என்றால் மனிதனைக் குற்றம் சொல்லுகின்றது. நீ மந்திரத்தைச் சரியாகச் சொல்லவில்லை, உனக்குப் பூர்வ ஜன்ம பாபம் இருக்கிறது, தட்சணை குறைந்துவிட்டது என்கின்றது. முன்னதில் பிழை குறைந்துகொண்டே வரும். பின்னதில் தட்சணை கூடிக்கொண்டே வரும்.

"152 பேரையும் கடவுள்தானே காப்பாற்றினார்?" என்றும் கேட்பார்கள். அப்படியானால் குழாயில் பனியை வைத்தவர் யார்? அதையும் அவர்தானே வைத்திருக்க வேண்டும்? ஒரு கையால் தள்ளிவிட்டு மறு கையால் தூக்குகின்றவருக்கு நன்றி எதற்கு? அந்தக் கடைசி விநாடிகளில் தலைமை விமானி இறக்கையின் பின்தகட்டைச் சற்று உள்ளே இழுத்து, விமானம் இன்னும் சிறிது தூரம் போகும்படி செய்தார். அதனால் முன்னாலிருந்த தடை தாண்டப்பட்டது. உறுதியாகச் செய்யப்பட்ட விமானம் மோதியும் தீப்பிடிக்கவில்லை. பயிற்சி பெற்ற சிப்பந்திகள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். காப்பாற்றியவர்கள் மனிதர்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய நன்றியைக் கல்லுக்குக் கொடுப்பது நியாயமா?

நமது ரோட்டுக்கும் பாக்டரிக்கும் வருவோம்

தோழர்களே! விமானத்தை விட்டுத் தரைக்கு இறங்குவோம். பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சேலம் போகின்ற பெரிய ரோட்டில் எத்தனை லாரிகள், பஸ்கள் மோதுகின்றன! தொப்பூர் கணவாயில் எத்தனை குடும்பங்கள் தாலியை இழந்திருக்கின்றன! ஒவ்வொரு லாரியின் முன்னாலும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்காமலில்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் பூசணிக்காய் உடைபடாமலில்லை. அந்தப் பூசணிக்காயிலேயே மோட்டார் சைக்கிள்காரன் சறுக்கி விழுகின்றான்! விபத்து நடந்தவுடனே, "அவன் தலையெழுத்து, அவன் நேரம் முடிந்துவிட்டது" என்று சொல்லிப் பிணத்தை எடுத்துப் போகின்றோம்.

பாக்டரியில் பிரஸ் மெஷினில் ஒரு தொழிலாளியின் விரல் போய்விட்டால், "ஏழரைச் சனி அப்பா!" என்கின்றோம். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி இரண்டு பேர் மூச்சு முட்டிச் செத்தால், "விதி" என்கின்றோம்.

இந்த விதி என்ற வார்த்தையினால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். பிரேக் தேய்ந்த லாரியை ஓட்டச் சொன்ன முதலாளிக்கு லாபம். இரண்டு நாள் தூங்காத டிரைவரை மறுபடியும் ஏற்றி அனுப்பினவனுக்கு லாபம். மெஷினுக்குத் தடுப்புக் கம்பி போடாமல் காசு மிச்சம் பிடித்தவனுக்கு லாபம். விஷவாயுவைச் சோதிக்காமல் ஆளை இறக்கிவிட்ட காண்டிராக்டருக்கு லாபம். பரிகாரம் செய்கின்ற புரோகிதனுக்கும் லாபம். நஷ்டம் செத்தவனுடைய பெண்டாட்டி பிள்ளைகளுக்கு. விதி என்று நீங்கள் சொன்ன நிமிஷமே விசாரணை நின்றுவிட்டது. விசாரணை நின்ற இடத்தில் அடுத்த பிணத்துக்குக் குழி தோண்டப்பட்டுவிட்டது.

சில லிட்டர் ஜலம் என்ன செய்தது என்று தெரிந்துகொள்ள இரண்டு வருஷம் விசாரித்தார்கள், ஒருவரும் சாகாத விபத்துக்கு! நம்முடைய ரோட்டில் பிணங்கள் விழுந்தும் இரண்டு நாள் கேள்வி கேட்பதில்லை. விமானத்தில் போகின்றவன் உயிர் ஒரு விலை, லாரியில் போகின்றவன் உயிர் வேறு விலையா? அப்படி இருக்கக்கூடாது என்பதுதான் சுயமரியாதை. சமத்துவம் என்பது கோயிலுக்குள் போகின்ற உரிமை மாத்திரமல்ல. நம்முடைய சாவுக்கும் காரணம் கேட்கின்ற உரிமையும் சமத்துவமேயாகும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. உங்கள் ஊரில், உங்கள் தொழிற்சாலையில் ஒரு விபத்து நடந்தால், முதலில் ஏன் என்று கேளுங்கள். பதில் விதி என்று வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிரேக் எப்படி இருந்தது, டிரைவர் எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டினான், தடுப்பு இருந்ததா, வெளிச்சம் இருந்ததா என்று கேட்டு எழுதி வையுங்கள். சங்கத்தில் வையுங்கள், அதிகாரிகளுக்கு அனுப்புங்கள், பத்திரிகைக்கு அனுப்புங்கள். பத்து பேருக்குத் தெரியும்படி செய்யுங்கள். ஒரு இடத்தில் கண்ட காரணம் மற்றோர் இடத்தில் ஒரு உயிரைக் காப்பாற்றும். ஷாங்காய் விமானத்தைக் காப்பாற்றியது அதுதான். தொப்பூர் லாரியையும் அதுவே காப்பாற்றும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வருகிற மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்தால், சீசாவை வெயிலில் வைக்கும்போது பக்கத்திலிருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, ஏன் உறைந்தது என்று கேளுங்கள். பெண் பிள்ளையானால் கட்டாயம் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகின்ற பெண், நாளை எந்த எஞ்சினையும் ஓட்டுவாள்; எந்தப் புரோகிதனுக்கும் பயப்படமாட்டாள்.

 நாம் சொன்னதை நாம் சொன்னோம் என்பதற்காக நம்பாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கேள்வி கேளுங்கள். இதோ மேடை காலியாக இருக்கின்றது.